பக்கத்து வீட்டுப் பாடம்

எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையிலிருக்கும் தாளைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறார் மேடம். அதற்குள் இன்னொரு வட்டம். அதற்கும் உள்ளே ஒரு புள்ளி. பிறகு தலையை நிமிர்த்தாமலே, "எவ்வளவு கிட்ட நின்னு பாக்கணும்னு ஆசை உனக்கு?" என்று கேட்கிறார். உயிரியலில் எந்தப் பிரிவை எடுப்பது என்று குழம்பி வருகிறவர் யாராயிருந்தாலும் முதல் கேள்வி இதுதான். வெளி வட்டத்தில் நின்றால் விலங்கியல், குரங்கு மரமேறுவதை வேடிக்கை பார்க்கலாம். உள்வட்டம் செல். புள்ளிக்குள் புகுந்துவிட்டால் மூலக்கூறு உயிரியலும் உயிர்வேதியியலும். "அங்க குரங்கும் கிடையாது, மரமும் கிடையாது. நாள் பூரா சோதனைக் குழாயை ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஆட்டுவியா?"

பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது என்பது மேடத்தின் கணக்கு.

பல்கலைக்கழக உயிரியல் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் அறை. உயரமான ஆள் வந்தால் தலை இடிக்கும். சன்னல் விளிம்பில் ஒரு செடி எப்போது பார்த்தாலும் வாடித் தொங்கிக்கொண்டிருக்கும். உயிரியல் துறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு செடியைக் காப்பாற்றத் துப்பில்லையா என்று சக ஊழியர்கள் கேலி செய்தால், "நான் விலங்கியல் படிச்சவ. செடி என் பொறுப்பில்ல" என்பார். பாடப்பிரிவு ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்தாலும், பிள்ளைகளுக்கு அவர் வெறும் மேடம்தான். வேறொரு மேடத்தைச் சொல்லவேண்டும் என்றால்தான் பெயரெல்லாம் வேண்டும்.

அவரிடம் ஒரு குணம். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. பழைய மாணவன் எவனாவது தெருவில் வண்டியை நிறுத்தி, "நீங்க காட்டின வழிதான் மேடம்" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர் நடையே வேறாக இருக்கும். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் வருகிற பிள்ளைகளிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிற ஆளுக்கு அதைக்கூட அனுமதிக்காவிட்டால் எப்படி?

புள்ளிக்குள் போனவர்களுக்குத்தான் பெரிய தலைவலி. மூலக்கூறு உயிரியலா, உயிர்வேதியியலா? பாடப்பட்டியல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதற்கும் மேடம் ஒரு பதில் வைத்திருந்தார். "ரெண்டும் பக்கத்து வீடும்மா. இது பிடிக்கலேன்னா ரெண்டாம் வருஷம் சுவரேறிக் குதிச்சு அந்தப் பக்கம் போயிடலாம். பயப்படாதே." எத்தனையோ வருடமாகச் சொன்ன பதில். அத்தனை வருடமும் அது உண்மையாகத்தான் இருந்தது.

போன வருடம் துறைக் கூட்டத்தில் அந்தச் சுவரை உயர்த்திவிட்டார்கள். முதல் வருடத்திலேயே 'இயற்பியல் வேதியியல்' என்ற பாடத்தை எடுக்காதவர்கள் உயிர்வேதியியலுக்கு மாற முடியாது, மாறினால் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று முடிவு. அந்தக் கூட்டத்தில் மேடமும் இருந்தார். நமக்குத் தெரியாததா என்ற நினைப்பில், எதையும் காதில் வாங்காமல், கையிலிருந்த தாளின் ஓரத்தில் ஒரு கம்பளிப்பூச்சி வரைந்துகொண்டிருந்தார். நன்றாகவே வந்திருந்தது பூச்சி.

இந்த வருடம் ஒரு தையல்காரம்மாவும் அவர் மகளும் அறைக்கு வந்தார்கள். மகள் போன வருடம், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, மேடம் சொன்ன அதே பக்கத்து வீட்டுப் பதிலைக் கேட்டு மூலக்கூறு உயிரியலில் சேர்ந்தவள். வகுப்பில் நொதிகளைப் பற்றிப் படித்ததும் மனசு அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. உயிர்வேதியியலுக்குச் சுவரேறிக் குதிக்கப் போனாள். அலுவலகத்தில் முதல் வருடத்தை மறுபடி படி என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவால் அது முடியாது. அடுத்த வருடம் மகனும் படிக்க வருகிறான், இரண்டு பேரைச் சேர்த்து இழுக்கத் தெம்பில்லை. படித்தது போதும், வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார் என்று முடிவே செய்துவிட்டிருந்தார்.

"மேடம் எவ்வளவு பொறுமையா படம் போட்டுச் சொல்லியிருக்காங்க. அதைக்கூட ஒழுங்காப் புரிஞ்சுக்கத் துப்பில்ல இவளுக்கு" என்று மேடத்தின் முன்னாலேயே மகளைக் கரித்துக்கொட்டினார். தோளில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு அவர் பேசப் பேச ஆடியது. மகள் தலை குனிந்துகொண்டு, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் போலிருக்கிறது என்று முணுமுணுத்தாள்.

கம்பளிப்பூச்சி வரைந்த அந்தக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று மேடத்துக்கு இப்போதுதான் விளங்கியது. காது மடல் சுட்டது. இல்லம்மா, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்ததோ, "சரி, வாங்க, துறைத் தலைவர்கிட்ட நான் பேசிப் பாக்கிறேன்." அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட மேடத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது. உதவி செய்கிற பெரிய மனுஷி வேஷம் வேறா இப்போது என்று தன்னையே திட்டிக்கொண்டு மாடி ஏறினார். பின்னால் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் நம்பிக்கையோடு ஏறி வந்தது.

துறைத் தலைவர் நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். விதி விதிதான் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரே ஒரு வழி இருக்கு. நம்ம துறை தப்பா வழிகாட்டியிருந்தா விதிவிலக்கு குடுக்கலாம். விட்டுப்போன அந்த வேதியியல் பாடத்தை மட்டும் கூடச் சேர்த்துப் படிச்சா போதும், வருஷம் போகாது. அப்படி ஏதாவது நடந்ததா மேடம்?" என்று கேட்டார்.

மேடம் சன்னலைப் பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடாது. யாரும் கட்டி வைத்து அடிக்கப் போவதுமில்லை. நாளைக்குக் கட்டடம் முழுக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது. ஒரு பெண்ணின் படிப்பை ஒரு தட்டிலும் தன் மூஞ்சியை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறோமே, சீ, நீயெல்லாம் ஒரு ஆளா என்று உள்ளுக்குள் கூசிப்போனார். கூசியும் வாய் திறக்கவில்லை.

மேடத்தின் மௌனத்தை அந்த அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தங்களால் மேடத்துக்குச் சங்கடம் வந்துவிட்டது என்று பதறிப்போய் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"ஐயோ சார், அவங்களைப் போய்க் கேக்கறீங்களே. அவங்க தங்கமானவங்க. எல்லாத் தப்பும் என் பொண்ணு மேலதான். இவ ஒரு மக்கு..."

மகள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மேடம் எழுந்தார். துறைத் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி, அந்த அம்மாவின் வாயைப் பொத்தினார்.