மாமி சொல்லி வந்த முகம்

காலையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகக் கிளம்புமுன் வந்திருப்பது நான்தான் என்று டெலிவரி கம்பெனி நம்ப, என் முகத்தைக் கைப்பேசிக்குக் காட்ட வேண்டும். வட்டத்துக்குள் தலையை வை, கண்ணைச் சிமிட்டு என்கிறது. நேற்று தாடியை எடுத்துவிட்டேன். அது என்னை நம்பவில்லை. ஆழ்வார்பேட்டை சிக்னல் ஓரம் நின்று "நான்தான்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவருக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வரலாம். எனக்கோ ரப்பர் வாசனை வந்தது.

பென்சில் கோட்டை அழிக்கிற ரப்பர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனை அந்த வாசனை பள்ளிக்கூடத்துக்கு அல்லவா கூட்டிப்போக வேண்டும்? என்னைக் கொண்டுபோய் விடுவது போலீஸ் ஸ்டேஷனில்.

பல வருஷம் முன்பு தி.நகர் நகைக்கடை ஒன்றில் காவலாளி வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். உடுப்பு, மத்தியானச் சாப்பாடு, மாடியில் படுக்க இடம். பிளாட்பாரத்தில் படுத்தவனுக்கு அந்த மாடி சொர்க்கத்துக்கு ஒரு படி கீழே. அதற்குள், மயிலாப்பூரில் நான் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றபோது, பைக்கில் வந்த ஒருவன் ஒரு மாமியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்தான். விழுந்த மாமியைத் தூக்கி உட்கார வைத்தேன். அந்தப் புண்ணியத்துக்கு நானும் சாட்சி.

ஸ்டேஷனில் திருடனின் படம் வரைய ஒரு டிராயிங் மாஸ்டரை வரவழைத்திருந்தார்கள். அவரிடம் ஓர் ஆல்பம்: ஒரு பக்கம் முழுக்க மூக்கு, மறுபக்கம் முழுக்கக் காது. இத்தனை காதுகளை மொத்தமாகப் பார்த்தால் கறிக்கடை நினைவுதான் வரும். சாட்சி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் சேர்த்து வரைவார். நான் பைக்கின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்தவன். ஆகவே மாமிக்கு நேர் எதிரே பெஞ்சில் சும்மா உட்கார வைத்துவிட்டார்கள்.

"கண்ணு எப்படிம்மா?" என்றார் மாஸ்டர்.

மாமி ஆல்பத்தை மூடிவிட்டுத் தலை நிமிர்ந்து யோசித்தார். எதிரே நான்.

"உள்ள போயிருக்கும். சாப்பிட்டு நாலு நாள் ஆனாப்ல."

"புருவம்?"

மறுபடி நிமிர்ந்தார். "ரெண்டும் ஒட்டிண்டிருக்கும்."

"கன்னம்?"

"டொக்கு விழுந்திருக்கும், பாவம்."

ரப்பர் தேயத் தேயப் படம் வளர்ந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, உனக்கு அண்ணன் தம்பி யாராச்சும் கீறாங்களா?"

"யாருமில்ல சார்."

"அப்போ நீயேதானா?"

மாமி பதறிவிட்டார். "ஐயையோ, இவன் இல்ல சார்! இவன்தான் என்னைத் தூக்கிவிட்டான்."

"அப்போ படம் தப்பாம்மா?"

"படம் அச்சு அசல் அந்தக் கடன்காரனேதான். கண்ணை மூடிண்டா அந்த மூஞ்சிதான் வர்றது."

போலீஸ் இரண்டையும் நம்பியது. என்னை வெளியே விட்டார்கள். என் முகத்தை மந்தைவெளியிலிருந்து தி.நகர் வரை சுவரில் ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை போனேன். நகைக்கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கம். நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியுதுல்லா. வாரவங்களுக்குத் தெரியுமாடே? அந்த மூஞ்சி வாசல்ல நின்னு சலாம் போட்டா எவம்டே உள்ள வருவான்?"

நியாயம்தானே. அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் படியிறங்கினேன்.

சில மாதம் கழித்து அசல் ஆள் பிடிபட்டான். கொழுகொழுவென்று கன்னம், இஸ்திரி கலையாத சட்டை, அடையாறில் சொந்த வீடு. அவனை மாமி கோயிலில் பார்த்திருந்தால் ஜாதகம் கேட்டிருப்பார்.

அதன் பிறகும் என் படத்தை யாரும் கிழிக்கவில்லை. மழை மூக்கைக் கரைத்தது. நெற்றியில் யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டினார்கள். லஸ்ஸில் கடைசியாக மிஞ்சியிருந்த சுவரை மெட்ரோவுக்காக இடித்துவிட்டார்கள். வரைகிற மாஸ்டரும் இப்போது இல்லை, தெருவெல்லாம் கேமரா.

போன மாதம் அதே நகைக்கடைக்குப் பிரியாணி கொண்டுபோனேன். வாசலில் நின்ற காவலாளி பொட்டலத்தை மட்டும் பார்த்தான்.

"உனக்கு மேல் மாடியில்தான படுக்கை?" என்று கேட்டேன்.

"மாடிலயா?" என்று சிரித்தான். "அங்க வைரம்லாம் கீது, நைனா. நான் டெய்லி ஆதம்பாக்கம் போய்க்கினு வந்துகினு கீறேன்."