விளக்கெண்ணெயும் தேயிலைத் தூளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோரில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காய்ந்த தூளிலிருந்து காம்பு பொறுக்க வேண்டும். மழை இல்லை, அட்டைக் கடி இல்லை. மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு என்மேல் பொறாமை. ஆனால் அந்தத் தூள் கையில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். வெடித்த விரலில் உப்புப் பட்டால் உயிர் போகும்.

முதல் பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அது பெரிய விஷயமாயிற்று. ஒருநாள் மகனின் கன்னத்தைத் தடவினேன், வீரிட்டு அழுதான். சிவப்பாக ஒரு கீறல். பெற்றவள் தொட்டுப் பிள்ளைக்குக் காயமா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது.

கலஹா கடையில் விளக்கெண்ணெய் வாங்கினேன். படுக்குமுன் லேசாகச் சூடாக்கி, விரல் விரலாகத் தேய்த்து, பழந்துணி சுற்றிக்கொள்வேன். சில நாட்களில் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மெச்சவில்லை. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தத் தூள் கழிவுதான். குளிருக்கு ஜன்னல்களை அடைத்திருந்த ஒரு காலையில் அவர் என் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார்.

“யாரு எண்ணெ தடவிட்டு வந்தது? கையக் காட்டு.”

காட்டினேன்.

“இன்னொரு வாட்டி இந்த வாசம் வந்துச்சுன்னா, நீ மலைக்குப் போயிரு.”

பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பரா ஸ்டோருக்கு அடுத்த கட்டடம். மலைக்குப் போனால் நினைத்த நேரம் பால் கொடுக்க ஓடிவர முடியாது. கையைச் சாம்பலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தேன். கை மறுபடி வெடித்தது.

“கை நல்லா இருந்தா வேலை போகுது, வேலை இருந்தா கை போகுது” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கென்ன, பிள்ளையைத் தூக்கினால்தானே தெரியும்!

பிறகு சனிக்கிழமை இரவு மட்டும் எண்ணெய் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிறு முழுக்க அவனை ஆசை தீரத் தடவுவேன். திங்கள் விடியுமுன் தேய்த்துக் கழுவிவிடுவேன். மற்ற நாட்களில் புறங்கையால்தான் தடவுவேன்.

அவன் நடக்கத் தொடங்கியிருந்த சமயம், பக்கத்து வீட்டுப் பெண் அவன் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துத் திருப்பி, புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“என்னக்கா, ஒங்க மகன் கூத்துப் பண்றான்!” என்று அவள் சிரித்தாள்.

நான் வெடித்த என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.