லேசான அம்பு

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர் ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். வேட்டைக்கு வாங்கும் ஒவ்வொரு அம்பையும் சின்னத் தராசில் வைத்து நிறுத்து, பாரமானதையே எடுப்பார். தொண்ணூறுகளில் ஒருமுறை, "லேசானது வேகமாப் போகும் அண்ணை" என்று நச்சரித்து நான்தான் மாற்றவைத்தேன்.

ரொறொன்ரோவுக்கு வடக்கே, மான் வேட்டையின் கடைசி நாள். விடியலிலிருந்து காத்திருந்தோம். இருபது யார் தூரத்தில் ஒரு மான் வந்து தோளைக் காட்டி நின்றது. அண்ணை நாணை இழுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மெல்ல வில்லைத் தாழ்த்தினார். மான் பாய்ந்து மறைந்தது.

"ஏன் அண்ணை விடேல்லை?"

"உந்த லேசான அம்பு தோள் எலும்பிலை பட்டா உள்ளுக்குப் போகாது. மான் காயத்தோட ஓடும்."

"ஓடினா என்ன, தேடிப் பிடிக்கலாம்தானே?"

"காயத்தோட எவ்வளவு தூரம் ஓடலாம் எண்டு உமக்குத் தெரியாது."

காலை இழுத்தபடி முன்னே நடந்தார். அந்தக் காலுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.