அடுப்படிப் பக்கம் வாட்டம்

பரிபூரணம் வீடு கட்டப் போகிறாள் என்ற செய்தி அவள் புருசன் பொன்னுராஜுக்கே முதலில் தெரியாது. பேண்டேஜ் கம்பெனியில் அவளோடு மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நூர்பானு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வேலைக்கு வருகிறவள். இன்னொருத்தி சுடலையம்மாள்; மூவரில் மூத்தவள், ஆனால் வாய் மட்டும் வயசுக்கு அடங்காதவள். காயத்துக்குக் கட்டும் துணியை ஒரே மேசையில் வெட்டிச் சுருட்டி, சுருட்டி அடுக்கி, எண்பதுகளை அப்படியே ஓட்டிவிட்டவர்கள் அந்த மூன்று பேரும்.

"வாடகை வீட்ல இருந்து இருந்து, தும்மறதுக்குக்கூட வீட்டுக்காரம்மாட்ட கேக்கணும்போல இருக்கு மதினி," என்றாள் பரிபூரணம், தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே. "நேத்து சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிச்சேன். அவிய வீட்லருந்து ஓடி வாராவ, என்னமோ அவிய நெஞ்சுல அடிச்ச மாதிரி."

"நீ சொந்த வீடு கட்டிப் பாரு, பொறவு தெரியும்," என்றாள் சுடலையம்மாள். "எனக்குச் சொந்த ஓட்டு வீடுதான். மேல குரங்கு குடியிருக்கு, கீழ நான் குடியிருக்கேன். வருசா வருசம் அது ஓட்ட ஒடைக்கும், நான் மாத்துவேன். என்னமோ நான்தான் அதுக்குக் குடித்தனக்காரி."

நூர்பானு சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டாள். "எனக்கும் சொந்த வீடுதான். கொழுந்தன்மாரோட சேத்து அஞ்சு பங்கு. எங்களுக்கு வந்தது ஒரு சன்னலும் பாதி நடையும். மழ பேஞ்சா ஒழுகுத எடம் மட்டும் முழுசா எங்க பங்கு."

இப்படிப் பேசிச் சிரித்த கூட்டத்தில்தான், சேத்தூர் போகிற பக்கம் கரிசல் காட்டை மனையாகப் பிரித்துப் போட்டிருப்பதையும், அதில் ஒரு துண்டுக்குத் தான் சீட்டுக் கட்டி வருவதையும் பரிபூரணம் மெதுவாக அவிழ்த்து விட்டாள். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். இத்தனை வருசம் கூட உட்கார்ந்து சோறு தின்றவள் இப்படி ஒரு அழுத்தக்காரியா என்று சுடலையம்மாள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொன்னுராஜ் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். நல்ல மனுசன், குரல் எழாது. அவனுக்கும் சேர்த்துப் பேச அவனுடைய அண்ணன் சுயம்புலிங்கம் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை; குடும்பத்தில் யார் எது செய்தாலும் அவர் வாயில் ஒரு தடவை புகுந்து புறப்பட்டுத்தான் வர வேண்டும். விஷயம் தம்பி வழியாகக் காதுக்கு எட்டியதும் மறுநாளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வீடுங்கறது ஆம்பள நின்னு கட்டணும்ப்பா. நீயோ மில்லே கதின்னு கெடக்க. பொம்பள நின்னு கட்டுனா அது வீடா இருக்காது, என்னமோவாத்தான் இருக்கும்," என்றார் தம்பியிடம். பரிபூரணம் இரண்டடி தள்ளி நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் நேரே பேசியதில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியிடமோ சுவரிடமோ சொல்வார்.

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே முடிவு கட்டினாள். ஐப்பசியில் அந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு வாய்கூட 'நான் அப்பவே சொன்னேன்' என்று திறக்கக் கூடாது. வீட்டைவிட இதுதான் அவளுக்கு முக்கியமாகிப் போனது என்றால்கூடத் தப்பில்லை.

சங்கிலிப்பாண்டி என்ற கொத்தனாரைப் பிடித்தாள். கை சுத்தம், வேலை சுத்தம். காது மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு எட்டு, சாயங்காலம் திரும்பும்போது ஒரு எட்டு என்று மனைக்கு ஓடினாள். சுவர் எழும்பியது, நிலை வைத்தாயிற்று, கான்கிரீட்டும் போட்டு முடிந்தது. மொட்டை மாடியில் தட்டோடு என்கிற சதுர ஓடு பதிக்கிற கட்டம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் வாட்டம் என்பது லேசுப்பட்ட சொல் இல்லை. மனுசன் சோர்ந்து போனாலும் வாட்டம். கைக்கு எட்ட வசதியாக இருந்தாலும் வாட்டம். மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடத் தரையைச் சாய்த்து விட்டாலும் வாட்டம். ஒரே ஆளை மூன்று வேலைக்கு வைத்தால் என்ன ஆகுமோ அது பரிபூரணம் வீட்டில் ஆயிற்று.

அன்று காலை அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தெருவில் நின்றபடியே மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணாச்சி, நான் வாரேன்!"

சங்கிலிப்பாண்டி மேலிருந்து எட்டிப் பார்த்தார். "தாயி, மேல எந்தப் பக்கம் வாட்டம்?"

முந்தின நாள் முழுக்க அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது பரண். பானை சட்டி போட்டு வைக்கிற பரண், நடையில் வருவதா அடுப்படியில் வருவதா என்று. அவர் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

"அடுப்படிப் பக்கந்தான் அண்ணாச்சி! அங்கதான் எனக்கு வாட்டம்!"

அவர் தலையாட்டினார். இவளும் நிம்மதியாக பஸ் ஏறினாள்.

தட்டோடு பதித்து, சந்து பூசி, காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகள் இரண்டு பேரையும் வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தி ஒழுகுகிறதா என்று பார்த்திருந்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தப் பெருமையில் பரிபூரணம் தரையில் நிற்கவில்லை. வாசலில் சுடலையம்மாளை நிறுத்தி, "இப்ப அண்ணாச்சி அணைய ஒடைப்பாவ. தண்ணி இந்தக் குழாய் வழியா தெரு ஓடைக்கு எப்படிப் போவுதுன்னு பாருங்க மதினி," என்றாள். நூர்பானு பின்பக்கம் போய் அடுப்படிச் சன்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலிப்பாண்டி மண் அணையை உடைத்தார். வாசல் குழாயில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. பின்னாலிருந்து "அல்லா!" என்று ஒரு அலறல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் தலை முதல் கால் வரை நனைந்து நூர்பானு நிற்கிறாள். அவள் தலைக்கு மேல் அருவியாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி இது, தண்ணி இங்க வருது?"

"நீதான தாயி சொன்ன, அடுப்படிப் பக்கம் வாட்டம்னு? நான் வாசப் பக்கந்தான் வைக்கலாம்னு இருந்தேன். வீட்டுக்காரி சொல்லு, அதத் தட்டக் கூடாதுன்னு இந்தப் பக்கமும் ஒரு குழாய் வச்சி மாத்திப் பதிச்சேன்."

பரிபூரணத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சுடலையம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாடிக்கு வாட்டம் சரியா இல்ல. வீட்டுக்காரிக்குத்தான் மூஞ்சில நல்ல வாட்டம்," என்றாள். அந்த நிலைமையிலும் நூர்பானு முந்தானையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள்.

சேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகக் கேட்கவா வேண்டும். அடுத்த பஸ்ஸிலேயே சுயம்புலிங்கம் வந்து இறங்கினார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அக்கினி மூலையில தண்ணி விழலாமாப்பா? அடுப்பு எரியுத எடத்துல ஆத்த விட்டுருக்கீங்க. அம்புட்டுத் தட்டோட்டையும் பேத்து எறி. பேக்காம பால் காச்சுனா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுராஜ் அன்று இரவுச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "பேத்துருவமா?" என்று மட்டும் கேட்டான். பேர்த்தால் ஐப்பசி போய்விடும். கார்த்திகை தாண்டினால் மார்கழி, பிறகு தை. அதுகூடப் பெரிசில்லை. பேர்த்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். பேர்க்காவிட்டால் அவர் வர மாட்டார். குடும்பத்தின் பெரிய தலை வராத வீட்டில் மற்றவர்கள் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? அவளுக்கு இரண்டு பக்கமும் இடித்தது.

மறுநாள் மேசையில் அவளுக்குத் துணி சுருட்டுவதில் மட்டும் ஒரே வேகம். சோற்று நேரத்தில் நூர்பானுதான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நனைஞ்சது நான். மூஞ்சத் தூக்கி வச்சிருக்கது நீயா? அடுத்த வாட்டி நான் வாரதுக்கு முந்தி அந்தக் குழாய்க்குக் கீழ ஒரு தொட்டியாச்சும் கட்டி வையி. நனைஞ்சதுதான் நனைஞ்சேன், குளிச்சிட்டாவது போறேன்."

சுடலையம்மாள் சிரித்தாள். பரிபூரணம் சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு நூர்பானுவையே பார்த்தாள். அந்தத் தெருவுக்கு இன்னும் நகராட்சிக் குழாய் வரவில்லை. அடி பம்பில் வருவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீருக்கு அரை மைல் குடம் தூக்க வேண்டும். மேலேயிருந்து வருகிற தண்ணீரோ அடுப்படி வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறது. இதைப் பேர்த்து எறிந்துவிட்டு ஓடையில் விடுவதா?

"ஏட்டி நூரு, நீ வெளையாட்டுக்குச் சொன்னியா நெசமாச் சொன்னியா?"

"வெளையாட்டுக்குத்தாம்ட்டி."

"நான் நெசமா எடுத்துக்கிட்டேன்," என்றாள் பரிபூரணம்.

சங்கிலிப்பாண்டி செங்கல்லை வைத்து நல்ல ஆழமாக ஒரு தொட்டி கட்டி, உள்ளே வழுவழுவென்று பூசி, மேலே பலகை மூடியும் போட்டார். தான் கேட்ட கேள்வியால் வந்த வினை என்று கூலி வாங்க மறுத்துவிட்டார். பத்திரிகை அடித்தாயிற்று. மூத்தார் சுயம்புலிங்கத்துக்கு முதல் பத்திரிகையைப் பரிபூரணமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக் கடைத் தராசு மேல் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி செல்லக்கனிதான் வாசல் வரைக்கும் வந்து, "அவிய கெடக்காவ, நான் இழுத்துட்டு வாரேன்," என்று காதோடு சொன்னாள்.

ஐப்பசி மழை அந்த வருசம் முந்திக்கொண்டது. முதல் இரண்டு மழையைத் தொட்டியில் விடாமல் வெளியே விட்டாள். மாடி கழுவிப் போகட்டும் என்று. பிறகு வந்ததெல்லாம் தொட்டிக்கு. பால் காய்ச்சுகிற நாளுக்கு முந்தின நாள் விடாமல் கொட்டியது. விடிகாலையில் மழை கொஞ்சம் விட்டு வெறித்தது. நல்ல நேரத்தில் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. நூர்பானுவும் சுடலையம்மாளும் போட்ட குலவைச் சத்தம் தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு சுயம்புலிங்கம் செல்லக்கனிக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். மழைக்குப் பயந்தது போல வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வாசப்படி மிதித்ததை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

அப்போதுதான் சமையல்காரர் பேச்சிமுத்து வந்து நின்றார். "தண்ணி லாரி எங்க தாயி? அரிசி களையணும், பருப்புப் போடணும்."

சமையலுக்குச் சொல்லி வைத்திருந்த லாரி தெரு முனையில் நின்றது. கரிசல் மண்ணில் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, ஆள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. இத்தனை பேருக்குச் சமைக்கிற தண்ணீரை அங்கிருந்து குடத்தில் தூக்குவதென்றால் சாப்பாடு சாயங்காலம்தான். சுயம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. தம்பியைக் கூப்பிட்டார். "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

பரிபூரணம் பின்வாசலுக்குப் போய்த் தொட்டியின் பலகையை இழுத்தாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் தளும்பி நின்றது. பேச்சிமுத்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். "அடி ஆத்தி! அடுப்புக்குப் பக்கத்துலயே இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டா லாரியத் தேடுதீங்க?" என்று அண்டாவை இழுத்துப் போட்டார்.

மத்தியானம் பந்தி நடந்தது. மூன்று பந்திக்கும் தண்ணீர் குறையவில்லை. பாத்திரம் கழுவியும் தொட்டியில் மிச்சம் இருந்தது. சுயம்புலிங்கம் சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மூன்றாம் தடவையும் இலையை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டார்.

"பருப்பு எப்படி வெந்துருக்கு பாத்தீரா? நம்ம கடைப் பருப்பு," என்றார் பேச்சிமுத்துவிடம்.

"ஒங்க கடைப் பருப்ப நான் எத்தன வீட்ல வேக வச்சிருக்கேன் அண்ணாச்சி. இது தண்ணி. மழைத் தண்ணி. அதான் இப்படிக் கொழையுது."

பந்தி முழுக்கச் சிரித்தது. பொன்னுராஜ்கூட வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பரிபூரணம் பார்த்ததில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அழுகைதான் வந்தது, ஆனால் அது வேறு அழுகை.

கை கழுவத் தொட்டிப் பக்கம் வந்த சுயம்புலிங்கம் மேலே குழாயைப் பார்த்தார், கீழே தண்ணீரைப் பார்த்தார். பக்கத்தில் சங்கிலிப்பாண்டி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

"கொத்தனாரே, இது யார் யோசனை? தண்ணிய இந்தப் பக்கம் திருப்பணும்னு யார் சொன்னா?"

சங்கிலிப்பாண்டி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அடுப்படிச் சன்னலிலிருந்து பரிபூரணத்தின் குரல் வந்தது.

"நாந்தான் அத்தான் சொன்னேன்!"

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உள்ளே நூர்பானு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்துவிட்டாள். சுடலையம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

சுயம்புலிங்கம் துண்டால் கையை நிதானமாகத் துடைத்தார். "தையில நம்ம வீட்டு மாடியிலயும் தட்டோடு மாத்தணும். செத்த வந்து பாரும்."

"வாரேன் அண்ணாச்சி. எந்தப் பக்கம் வாட்டம் வைக்க?"

அவர் சுவரைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு நேரே திரும்பினார்.

"ஏம்மா பரிபூரணம், எந்தப் பக்கம் வைக்கச் சொல்ல?"