பாபநாசம் பஸ்ஸில் முடிவான கடைசி எபிசோட்

பழைய சீரியல்களைத் திரும்ப எடுக்கிற தயாரிப்பாளர் என்றுதான் என்னைச் சொல்வார்கள். பாதிப் பேர் அதைத் திட்டுவதற்காகவே சொல்வார்கள்.

இன்று காலை தஞ்சாவூரில் பஸ் ஏறும்போதே சேனலிலிருந்து போன்.

"மேடம், கடைசி எபிசோடை மட்டும் மாத்தாதீங்க. பழசுல கதாநாயகி புருஷன்கிட்ட திரும்பிப் போனா. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

முன் சீட்டில் ஒரு அம்மா. காலடியில் காலி மீன் கூடை, கையில் போன். அதில் ஓடியது நான் திரும்ப எடுக்கிற அதே சீரியல்தான்.

அவர் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அப்பவே பாத்ததுதானேங்க. முடிவுகூடத் தெரியும். திரும்ப எதுக்குப் பாக்குறீங்க?" என்றார்.

அந்த அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுங்க. அடிச்ச ஆள்கிட்டயே திரும்பிப் போவா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. இந்தத் தடவையாவது போகாம இருப்பாளான்னுதான் பாக்குறேன்."

நான் யார் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பாபநாசத்தில் இறங்கியதும் சேனலுக்கு அனுப்பினேன்: "அவள் போகமாட்டாள். வேண்டுமானால் தயாரிப்பாளரை மாற்றிக்கொள்ளுங்கள்."

பதில் இன்னும் வரவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

புதிதாக யோசிக்கத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: தெரியும். ஆனால் அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது எங்கள் சீரியல்காரர்கள்தான். அவளைக் கூட்டி வராமல் அடுத்த கதைக்குப் போக எனக்கு மனசில்லை.

அவள் திரும்பிப் போயே ஆகவேண்டும் என்பவர்கள் கமெண்டில் வாருங்கள். அந்த அம்மா எந்த பஸ்ஸில் வருவார் என்று சொல்கிறேன். நேரிலேயே சொல்லிக்கொள்ளுங்கள்.