மஞ்சள் தடவிய கம்பளி

ரங்கூனுக்கும் குளிர்காலம் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி விடியற்காலையில் பசுந்தாங் ஓடைப் பக்கமிருந்து கிளம்புகிற காற்று நாலாவது மாடி வரை ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, எழுபதைத் தாண்டிய முழங்காலில் உட்கார்ந்துகொள்ளும்போதுதான் தெரியும். எனக்கு முழங்கால். என் அக்காவுக்கு நெஞ்சு. குளிர் தொடங்கிவிட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இழுக்கிற மூச்சோடு என்னைத் திட்டவும் செய்வாள்.

நாங்கள் இருவர் மட்டும்தான் அந்த வீட்டில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய வீடு. அக்கா கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டு, அரசாங்கப் பள்ளியில் பர்மிய மொழியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். நாங்கள் சண்டை போடாத மூலை அந்த வீட்டில் கிடையாது. ஆனாலும் ஒருத்தியை விட்டு இன்னொருத்தி ஒரு பொழுதும் இருந்ததில்லை.

போன குளிர்காலத்தில் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் அண்ணன் மகள் பஸ்ஸில் அரை நாள் தூரத்திலுள்ள மோல்மீனில் இருக்கிறாள். அண்ணனும் இல்லை, பர்மியப் பெண்ணான அண்ணியும் இல்லை. மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது, பேச்செல்லாம் பர்மியத்தில்தான். நல்ல பெண். ஒவ்வொரு குளிர்காலமும் ஃபோனில் ஒரே பல்லவியைப் பாடுவாள். அவள் வீடு சின்னது, ஒரு ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும், பெரிய அத்தையை அனுப்பிவிடுங்கள், நீங்கள் திடமாகத்தானே இருக்கிறீர்கள் என்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வயதில், அந்த நெஞ்சோடு, அக்கா ஒரு தடவை மோல்மீன் போனால் திரும்பி வர மாட்டாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டமாக இருந்தது. வந்தவுடன் தெருவே "மீலாப்பி!" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நானும் பால்கனியிலிருந்து கத்துவேன், ஆசிரியை என்று கௌரவம் பார்ப்பதில்லை. ஒரு நாள் விடியும் முன்பே அக்காவுக்குக் குளிர் தாங்கவில்லை. வெந்நீர் வைக்கக் கரண்ட் இல்லை. நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவளே கரியடுப்பை மூட்டி, எங்கள் படுக்கையறைக்குள் இழுத்து வைத்து, காற்று வராமல் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டாள். சாத்தியதோடு நிற்கவில்லை, இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வேறு அடைத்திருந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இங்கே எங்கள் பால்கனிக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மாடிக்கு மாடி ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவான், மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்வோம். பாரமான சாமான் என்றால் கூடையை இறக்குவோம். எங்கள் வாசலில் மொஹிங்கா விற்கிறவள் தினமும் காலையில் மணியடித்து எங்களுக்கு ஒரு பை மாட்டிவிடுவாள். மீன் குழம்பும் சேமியாவும் இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடியாது. அவளும் என்னிடம் படித்தவள்தான். கணக்கில் கடைசிவரை தேறவில்லை.

அன்று அவள் மணியடித்திருக்கிறாள். பதில் இல்லை. மறுபடியும் அடித்திருக்கிறாள். மூன்று கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கயிற்றை உலுக்கியிருக்கிறாள். பிறகு கொதிக்கிற அண்டாவை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு நாலு மாடியும் ஓடி வந்து கம்பிக் கதவைக் குலுக்கினாள். அந்தச் சத்தம் எனக்கு எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்பது போல இருந்தது. தலை கல்லாகக் கனத்தது. தவழ்ந்து போய்த்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவள் உள்ளே பாய்ந்து ஜன்னல்களைத் திறந்து, அக்காவைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய் மடியில் போட்டுக்கொண்டாள். அக்கா வாந்தி எடுத்து, கண் விழித்து, "அடுப்ப எவ அணச்சது?" என்று கேட்டாள். நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும், தப்பித்தீர்கள் என்றார். வெளியில் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். அவள் வாயில் எதுவும் தங்காது. அன்று சாயங்காலமே மோல்மீனுக்கு ஃபோன் போட்டு, தன் வீர சாகசத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டாள்.  அண்ணன் மகள், பொங்கலுக்கு வருகிறேன், திரும்பும்போது பெரிய அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாள்.

அன்றைக்கு மறுநாளிலிருந்து மொஹிங்காக்காரி எங்கள் வீட்டுக்கு அதிகாரி ஆகிவிட்டாள். காலையில் அவள் கீழேயிருந்து மணியடித்தால் நாங்கள் மேலேயிருந்து கயிற்றை ஒரு தடவை இழுத்து ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மேலே வந்துவிடுவாள். கரியடுப்பு பால்கனியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அவளுடைய அடுப்புதான் இருட்டிலிருந்தே எரிகிறதே, கரண்ட் அதற்கு எதற்கு? கண்ணாடிப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, கூடையில் வைத்து அனுப்புவாள். ஒன்று அக்காவின் பாதத்துக்கு, ஒன்று என் முழங்காலுக்கு. அதற்காக ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னால் காது கேட்காதவள் போல வெங்காயம் நறுக்குவாள்.

வெந்நீர் வாங்கிக்கொண்டேன். ஆனால் கீழ்வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் ஏதாவது கொடுக்கிறோம் என்று வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விலைவாசிக்கு என் பென்ஷன் எட்டவில்லை என்பது உண்மைதான். மருந்து வாங்கினால் எண்ணெய் வாங்க முடியாது. அதற்காக ஊர்ப் பிச்சையில் வாழ நான் என்ன அநாதையா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். மொஹிங்காக்காரி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர்கள் கூட்டமாக வந்து, செருப்பைக் கழற்றி, தரையில் மண்டியிட்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் புத்த மதப் பிள்ளைகள் ஐப்பசி வாக்கில் வருகிற ஒளி விழா மாதத்தில் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் தேடிப் போய்க் கும்பிட்டு, காணிக்கை வைப்பார்கள். கடோ என்று பேர். அதை மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு வாழ்த்த வேண்டும். அது பிச்சை இல்லை, பெரியவர்களின் கடமை.

"விழா முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சே!" என்று பர்மியத்தில் அதட்டினேன்.

"அப்ப வர முடியலை, சயாமா" என்றான் ஒருவன். சயாமா என்றால் ஆசிரியை. அவனுக்கே இப்போது தலை நரைத்திருந்தது. "விட்டுப்போனதை மாசம் ஒருத்தரா வந்து சரிபண்ணிக்கிறோம்."

மொஹிங்காக்காரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் திட்டத்தைப் போட்ட மூளை எது என்று அந்தப் பார்வையே சொல்லிவிட்டது. அரிசியும் எண்ணெயும் மருந்தும் ஒரு உறையும் என் முன்னால் இருந்தன.  எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள் என்று வாழ்த்தினேன். மனசார வாழ்த்தினேன்.

வந்த சாமான்களில் ஒரு தடித்த வெள்ளைக் கம்பளி இருந்தது. மொஹிங்காக்காரி அதை ஆசையாக எடுத்துப் போய், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அக்கா மேல் கழுத்துவரை போர்த்தினாள். அடுத்த நொடி உள்ளேயிருந்து ஒரு அலறல்.

"யாருடி அது, எனக்குக் கோடி போத்துறது? நான் இன்னும் போகலடி! மூச்சு விட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்!"

ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா கம்பளியைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். மொஹிங்காக்காரி சுவரோடு சுவராக நின்றாள். அவளுக்கு நான் பர்மியத்தில் விளக்கினேன். எங்கள் வீடுகளில் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடம்பில் போட மாட்டோம். மஞ்சள் படாத புதுத்துணியை, அதுவும் படுத்துக் கிடக்கிற ஆள் மேல் போர்த்துவது, ஆள் போன பிறகுதான். அவள் கண் கலங்கிவிட்டது. கம்பளியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை மணியடித்தது. கூடை கனத்தது. இழுத்துப் பார்த்தால் அதே கம்பளி. நாலு மூலையிலும் மஞ்சள், நாலு ஓரத்திலும் மஞ்சள், நடுவில் அண்டா மூடி அளவுக்கு ஒரு வட்ட மஞ்சள். மொஹிங்கா மணம் வேறு. நான் எட்டிப் பார்த்தேன். அவள் கரண்டியோடு அண்ணாந்து நின்று கத்தினாள்.

"கொஞ்சம் மஞ்சளுக்குக் கொஞ்சம் ஆயுசுன்னா, நிறைய மஞ்சளுக்கு நிறைய ஆயுசுதானே, சயாமா?"

கணக்கில் தேறாதவள் போட்ட கணக்கு. அக்கா சிரித்த சிரிப்பில் மூச்சு இழுத்து, நான் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அன்று முதல் அந்தக் கம்பளி அவளை விட்டு இறங்கவில்லை. தலையணை மஞ்சள், புடவை மஞ்சள், அக்காவின் முழங்கை மஞ்சள். ராத்திரி இருமல் குறைந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். கறுப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பஸ் களைப்போடு வந்தவள் எங்களைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட்ட கையோடு அக்காவின் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். அக்கா வாயே திறக்கவில்லை.  போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய மூச்சுக்கு மோல்மீனில்தான் நல்லது என்றால் அதைத் தடுக்க நான் யார்? நானும் மடித்த புடவைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் மணியடித்தது. நான் எழுவதற்குள் அக்கா மஞ்சள் கம்பளியோடு போய்க் கயிற்றை ஆட்டினாள். அண்ணன் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கூடையை இழுத்தாள், வெந்நீர்ப் புட்டியைத் தொட்டாள், யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவள், மொஹிங்காக்காரியோடு பேசிக்கொண்டு உட்கார்ந்து, பொங்கல் பொங்கி ஆறுகிற வரைக்கும் வரவில்லை. வந்ததும் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பெரிய அத்தை, உங்களுக்கு எங்கே இருக்க ஆசை?"

அவ்வளவு நாளும் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருத்தரும் அக்காவிடம் கேட்கவில்லை.

அக்கா தமிழில் சொன்னாள். "ஒன் வீட்டுல எனக்கு ஒரு கொறையும் வராது, தாயி. ஆனா காலையில நான் உசிரோட இருக்கேனான்னு அங்க யாரு மணியடிச்சுக் கேப்பா? இவ இல்லாம நான் யாரத் திட்டுவேன்?"

அண்ணன் மகள் அக்காவின் பாதத்தின் மேல் கம்பளியை இழுத்து மூடினாள். மறுநாள் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அக்காவின் பையிலிருந்த துணிகள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. அவள் எப்போது அடுக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் தெருவில் இறங்குவதைப் பார்க்கப் பால்கனியில் நின்றோம். ஆளைக் காணோம். மணி அடித்தது. இழுத்தேன். கிளிப்பில் அவளுடைய கறுப்புச் சால்வை தொங்கிக்கொண்டு வந்தது. ஒரு மூலை ஈரமாக இருந்தது. அந்த இருட்டு நிறத்தில் சரியாகத் தெரியவில்லை. விரலால் தொட்டேன், விரல் மஞ்சளானது.

கீழே மொஹிங்காக்காரியின் கூரைத் துணிக்கு அடியிலிருந்து அண்ணன் மகள் வெளியே வந்து, சால்வை இல்லாத தோளோடு அண்ணாந்து நின்றாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் கயிற்றை மறுபடி கீழே விட்டு ஆட்டப் போனேன். "எங்கிட்ட குடுடி" என்று அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஆட்டினாள்.