இருட்டைக் கூப்பிட்டவள்

ஏழாம் வகுப்பில் என்னை ராணியாக்கினார்கள். சும்மா ராணி இல்லை, விருந்துக்கு வந்த ராஜாவையே கொல்லத் துணிகிற ராணி. பழைய ஆங்கிலச் சோக நாடகம் ஒன்றில் ஒரு காட்சி அது. தான் செய்யப்போவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவள் இருட்டை வா வா என்று கூப்பிட வேண்டும். இந்த நாடகத்தில் இருட்டு என்றால் பாவம் என்று டீச்சர் போர்டில் எழுதியே போட்டார்.

எனக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை. பென்னலூரில் எங்கள் வீட்டில் இருட்டு என்றால் அம்மா. அவளுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டிய அறையில் படுத்துவிடுவாள். லீவு நாளில் நான் சத்தமில்லாமல் உள்ளே போய் அவள் முதுகோடு ஒட்டிக்கொள்வேன். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே அவள் மூச்சு மட்டும் கேட்கும். உலகத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆகவே ஒத்திகையில் இருட்டைக் கூப்பிடும்போதெல்லாம் என் குரல் குழைந்துவிடும். "ஏம்மா, கொலை பண்ணக் கூப்பிடுறியா, கொஞ்சக் கூப்பிடுறியா?" என்பார் டீச்சர்.

அதுவரை எந்தப் பள்ளி விழாவுக்கும் அம்மா வந்ததில்லை, சித்திதான் வருவாள். இந்த முறை நீ வந்தே ஆகணும் என்று ஒரு வாரம் உயிரை எடுத்தேன். "வரேன்டி, பேஜார் பண்ணாத" என்றாள்.

வந்தாள். பதினோரு மணி நாடகத்துக்குப் பத்து மணிக்கே வந்து, பட்டுப்புடவையும் பூவுமாக முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பகலில் இருட்டு வேண்டுமே, ஹால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மேடைக்கு மட்டும் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். நான் கைகளை விரித்து, என்னிடமிருந்த ஆசையையெல்லாம் சேர்த்து இருட்டைக் கூப்பிட்டேன். கூப்பிட்டபடியே அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மீதி வசனத்தை எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. வெளியே வந்ததும், "சூப்பரா பண்ணினேடி" என்றாள்.

"நான் இன்னா சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

"அத்தினியும் இங்கிலீசு. எனக்கு இன்னா தெரியும்?"

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அடுத்து வந்த லீவு நாளில் அந்த அறைப்பக்கமே போகவில்லை. என் ரோஷம் அப்படி.

அம்மா போய் நான்கு வருஷமாகிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இப்போது எனக்கும் நைட் ஷிப்ட். விடிய விடிய அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்துவிட்டு வந்தால் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல எரிகிறது. அந்த எரிச்சலோடு படுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. தூங்க வேண்டுமென்றால் வீட்டிலேயே தூங்கியிருக்கலாமே, எதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தாள் என்று அன்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை.